புள்ளிப் பட்டியலில் தெரியாத தேர்வு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விளையாட்டு என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது வெற்றியும் தோல்வியும்தான். கோப்பையை யார் வென்றார்கள், எத்தனை புள்ளிகள் வித்தியாசம் என்றுதான் கேட்போம். இன்று நான் பேச வந்திருப்பது, வென்றவர் யார் என்பதை ஒரே மாதத்தில் பலரும் மறந்துவிடும் ஒரு போட்டியைப் பற்றி. ஆனால் அதில் ஆடிய இளையர்களுக்கு அது மறக்காது. அவர்களில் சிலருடைய வாழ்க்கையே அங்கேதான் திரும்பியிருக்கும்.

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துக் குழுக்கள், அதாவது என்பிஏ குழுக்கள், ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் ஆடும் கோடைக்கால லீக் ஆட்டங்களைத்தான் சொல்கிறேன். லாஸ் வேகஸ் நகரில் மாலை ஆட்டம் தொடங்கும்போது நமக்கு மறுநாள் காலை. பசியாறும் நேரத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளை கைத்தொலைபேசியை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தால், அவன் பார்ப்பது இந்த ஆட்டமாகக்கூட இருக்கலாம்.

ஓர் இரவு, ஒன்பது புள்ளிகள்

2023ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி. லாஸ் வேகசின் தாமஸ் அண்ட் மேக் அரங்கம் நிரம்பி வழிந்தது. வந்தவர்கள் எல்லாரும் பார்க்க விரும்பியது ஒரே ஒருவரைத்தான். பிரான்ஸிலிருந்து வந்த விக்டர் வெம்பன்யாமா. வயது 19. உயரம் 7 அடி 4 அங்குலம். அந்த ஆண்டின் இளம் வீரர் தேர்வில், டிராஃப்ட் என்கிறார்களே அதில், சான் அண்டோனியோ ஸ்பர்ஸ் குழு முதலாவதாகத் தேர்ந்தெடுத்தவர்.

அன்று அவர் 13 முறை கூடையை நோக்கிப் பந்தை எறிந்தார். இரண்டுதான் உள்ளே விழுந்தன. மொத்தம் 9 புள்ளிகள். மறுநாள் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்றார்கள். இரண்டு நாள் கழித்து அவர் மறுபடியும் ஆடினார். 27 புள்ளிகள் எடுத்தார், 12 முறை மீள்பந்தைக் கைப்பற்றினார். இப்போது அதே வாய்கள் வேறு விதமாகப் பேசின.

அதற்குப் பிறகு குழு என்ன செய்தது தெரியுமா? போதும், ஓய்வெடு என்று சொல்லி அவரை உட்கார வைத்துவிட்டது. மீதி ஆட்டங்களில் அவர் இறங்கவே இல்லை. 2024இல் ஆண்டின் சிறந்த புதிய வீரர் விருது, வாக்களித்த அனைவரின் ஒருமித்த தேர்வாக அவருக்கே கிடைத்தது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. 9 புள்ளிகளைப் பார்த்து அந்தக் குழு பதறவில்லை. 27 புள்ளிகளைப் பார்த்துத் துள்ளவும் இல்லை. அப்படியானால் அந்த இரண்டு ஆட்டங்களில் அது எதைப் பார்த்தது? எதற்காக இந்த ஆட்டங்களை நடத்துகிறார்கள்?

யார் யார் ஆடுகிறார்கள்?

என்பிஏ பருவம் அக்டோபரில் தொடங்கி ஜூன் மாதத்தில் முடியும். வழக்கமான பருவத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் 82 ஆட்டங்கள். பருவம் முடிந்ததும் நட்சத்திர ஆட்டக்காரர்கள் ஓய்வுக்குப் போய்விடுவார்கள். அந்த இடைவெளியில்தான் கோடைக்கால லீக். லாஸ் வேகசில் இது 2004ஆம் ஆண்டு ஆறு குழுக்களோடு தொடங்கியது. 2018 முதல் 30 குழுக்களுமே கலந்துகொள்கின்றன. இப்போது 11 நாள்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் நடக்கின்றன. சால்ட் லேக் சிட்டியிலும் கலிஃபோர்னியாவிலும் இதற்கு முன்னோட்டமாகச் சில ஆட்டங்கள் உண்டு.

ஆடுபவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, சில நாள்களுக்கு முன்பு டிராஃப்டில் தேர்வானவர்கள். முதல் சுற்றில் தேர்வானவர்களுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. அவர்களுக்கு இது அறிமுகம். இரண்டாம் வகை, ஓராண்டோ ஈராண்டோ ஆடிவிட்டு, இன்னும் நிலையான இடம் கிடைக்காதவர்கள். அவர்களுக்கு இது மறுதேர்வு. மூன்றாம் வகையினர்தான் எண்ணிக்கையில் கணிசமானவர்கள். யாருமே தேர்ந்தெடுக்காதவர்கள், வெளிநாட்டு லீக்குகளில் ஆடிவிட்டு வந்தவர்கள், இன்னும் ஒரு முறை முயன்று பார்ப்போம் என்று வந்தவர்கள். இவர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் கிடையாது. தங்கும் அறை, பயணச் செலவு, அன்றாடப் படி, அவ்வளவுதான்.

இப்போது ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு என்பிஏ குழுவிலும் முழு ஒப்பந்த இடங்கள் 15. முப்பது குழுக்களுக்கும் சேர்த்து 450. அவற்றில் பெரும்பாலானவை முன்பே நிரம்பியிருக்கும். கோடைக்கால அணி ஒன்றுக்குப் பன்னிரண்டு பேர் என்று வைத்துக்கொண்டாலே 360 இளையர்கள் களத்தில் நிற்கிறார்கள். அவர்கள் அனைவரும் போட்டியிடுவது மிச்சமிருக்கும் சில இடங்களுக்காக.

குழுக்கள் வேறு கதவுகளையும் திறந்து வைத்திருக்கின்றன. 2017இல் 'இருவழி ஒப்பந்தம்' என்ற ஒன்று வந்தது. அதில் சேர்பவர் பெரிய குழுவுக்கும், அதன் இளையர் குழுவுக்கும் மாறி மாறி ஆடலாம். அந்த இளையர் குழுக்கள் ஆடும் போட்டிக்கு ஜி லீக் என்று பெயர். சம்பளம், புதியவருக்கான குறைந்தபட்சத் தொகையில் பாதி. தொடக்கத்தில் குழுவுக்கு இரண்டு இடம், 2023 முதல் மூன்று. இது தவிர, பயிற்சி முகாமுக்கு மட்டும் அழைக்கும் உறுதியற்ற ஒப்பந்தமும் உண்டு. முகாம் முடிந்து நீக்கப்பட்டாலும், அதே குழுவின் ஜி லீக் அணியில் 60 நாள் தங்கினால் ஒரு ஊக்கத்தொகை கிடைக்கும். இளையரைக் கைநழுவ விடாமலும், அவருக்கு அதிகம் செலவழிக்காமலும் இருப்பதற்கான ஏற்பாடு இது.

தவறு செய்ய இடம் கொடுக்கும் ஆட்டம்

இந்த ஆட்டங்களின் விதிகளைப் பார்த்தாலே நோக்கம் புரிந்துவிடும். வழக்கமான என்பிஏ ஆட்டம் 48 நிமிடம். இங்கே 40 நிமிடம். வழக்கமான ஆட்டத்தில் ஆறு தவறு செய்தால் வெளியேற வேண்டும். இங்கே பத்து தவறுவரை விடுகிறார்கள். ஏன்? இளையர் பதற்றத்தில் தவறு செய்வார். அவரை உடனே வெளியே அனுப்பிவிட்டால் குழு எதைப் பார்ப்பது, அவர்தான் எதைக் கற்பது?

சோதிக்கப்படுவது ஆட்டக்காரர் மட்டுமில்லை. பெரும்பாலும் தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஒதுங்கிக்கொண்டு துணைப் பயிற்றுவிப்பாளரை முன்னே நிறுத்துவார். 2015இல் ஸ்பர்ஸ் குழுவின் கோடைக்கால அணியைப் பெக்கி ஹாமன் என்ற பெண்மணி வழிநடத்தினார். லாஸ் வேகசில் அந்த அணி வாகை சூடியது. கோடைக்கால லீக்கில் பட்டம் வென்ற முதல் பெண் பயிற்றுவிப்பாளர் அவர். பிறகு பெண்கள் லீக்கில் லாஸ் வேகஸ் ஏசஸ் குழுவின் தலைமைப் பொறுப்பேற்று 2022இல் பட்டம் பெற்றுத் தந்தார். நடுவர்களும் இங்கே பழகுகிறார்கள்.

ஆட்டக்காரரிடம் குழு கொடுக்கும் வேலையும் வேறாக இருக்கும். பந்தை எறிவதில் வல்லவர் என்று தெரிந்தவரிடம், இன்று எறியாதே, பிறருக்கு வழங்கு என்பார்கள். உயரமானவரைக் கூடைக்கு அருகே நிற்க விடாமல் வெளியே நின்று ஆடச் சொல்வார்கள். எது வராதோ அதைச் செய்யச் சொல்லிப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல சமயம் கிடையாது. தோற்றால் பருவப் பட்டியலில் ஒரு கோடுகூட மாறப்போவதில்லை. ஆகவே ஒருவருடைய புள்ளி குறைந்தால், அவர் திறமை குறைந்தவர் என்று உடனே முடிவு கட்டுவதற்கில்லை. அன்று அவருக்குச் சொல்லப்பட்ட வேலையே வேறாக இருந்திருக்கலாம்.

இரண்டு பேர், ஒரே விருது

புள்ளிகளை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 2012இல் லாஸ் வேகசில் சிறந்த ஆட்டக்காரர் விருதை இருவர் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் போர்ட்லண்ட் குழுவின் டேமியன் லில்லார்ட். மற்றவர் மெம்ஃபிஸ் குழுவின் ஜாஷ் செல்பி. அந்த ஜூலையில் இருவரும் சமம்.

லில்லார்ட் அடுத்த ஆண்டே சிறந்த புதிய வீரர் ஆனார். 2021இல் என்பிஏ தன் 75 ஆண்டுச் சிறப்பு வீரர் பட்டியலை வெளியிட்டபோது அதிலும் இடம்பெற்றார். செல்பியை 2013ஆம் ஆண்டு ஜனவரியில் வேறொரு குழுவுக்கு மாற்றினார்கள். அந்தப் பருவத்துக்குப் பிறகு அவர் என்பிஏயில் ஆடவே இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2018இல் அட்லாண்டா குழுவின் டிரே யங், சால்ட் லேக் சிட்டியில் தன் முதல் கோடைக்கால ஆட்டத்தில் 20 முறை எறிந்து 4 மட்டுமே போட்டார். மூன்று புள்ளித் தொலைவிலிருந்து எறிந்த 11இல் ஒன்றுதான் விழுந்தது. அன்றே அவரை எழுதித் தள்ளியவர்கள் பலர். 2021இல் அதே யங் தன் குழுவைக் கிழக்குப் பிரிவின் இறுதிச் சுற்றுவரை கொண்டுபோனார்.

அனுபவமுள்ள குழுக்கள் இதை அறிந்தே நடக்கின்றன. ஓர் இளையர் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதைவிட, பந்து கையில் இல்லாதபோது என்ன செய்தார் என்று பார்க்கிறார்கள். தன் கூடைப் பக்கம் திரும்பி ஓடினாரா? சொன்ன இடத்தில் நின்றாரா? தவறு செய்தபின் தலை கவிழ்ந்தாரா, அடுத்த பந்துக்குத் தயாரானாரா? காரணம் எளிது. இந்த இளையர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்கப்போவது நட்சத்திரத்தின் இடமில்லை; பத்தாவது, பதினைந்தாவது ஆளின் இடம். அந்த ஆளுக்குப் பந்து கையில் கிடைப்பதே அரிது. கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் சொன்ன வேலையைச் செய்ய வேண்டும்.

அப்படி வந்தவர்தான் டங்கன் ராபின்சன். 2018 டிராஃப்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. மயாமி குழுவின் கோடைக்கால அணியில் ஆடினார். தூரத்திலிருந்து மூன்று புள்ளி எறிவது என்ற ஒரே வேலையை உறுதியாகச் செய்தார். இருவழி ஒப்பந்தம் கிடைத்தது. 2021இல் அதே குழு ஐந்தாண்டுக்கு 90 மில்லியன் அமெரிக்க வெள்ளி கொடுத்து அவரைத் தக்கவைத்துக்கொண்டது.

ஃபிரெட் வான்வ்லீட்டும் 2016இல் யாராலும் தேர்ந்தெடுக்கப்படாதவரே. டொரோண்டோவின் கோடைக்கால அணிக்கு வந்தார், பிறகு பயிற்சி முகாமில் போராடிக் கடைசி இடத்தைப் பிடித்தார். 2019இல் அந்தக் குழு என்பிஏ பட்டம் வென்றபோது அவருடைய பங்கு பெரிது.

அதே 2019 டொரோண்டோ குழுவில் இருந்த இன்னொருவர் ஜெரமி லின். பெற்றோர் தைவானிலிருந்து வந்தவர்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2010 டிராஃப்டில் அவருக்கும் அழைப்பில்லை. டல்லாஸ் குழு தன் கோடைக்கால அணியில் இடம் கொடுத்தது. அங்கே அந்த ஆண்டின் முதல் தேர்வான ஜான் வாலுக்கு எதிரே நின்று, கடைசிக் கட்டத்தில் சரிக்குச் சரியாக ஆடினார். கோல்டன் ஸ்டேட் குழு அவரை எடுத்துக்கொண்டது. ஆனால் கதை அத்தோடு சுபமாக முடியவில்லை. 2011 டிசம்பரில் அந்தக் குழு அவரை நீக்கியது. அடுத்துச் சென்ற ஹூஸ்டன் குழுவும் அதே மாதத்தில் நீக்கியது. நியூயார்க் எடுத்தது. 2012 பிப்ரவரி 10ஆம் தேதி லேக்கர்ஸ் குழுவுக்கு எதிராக அவர் 38 புள்ளிகள் எடுத்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. கோடைக்கால ஆட்டம் அவருக்குக் கதவைத் திறந்தது. உள்ளே நிலைத்து நிற்க அவர் இன்னும் ஒன்றரை ஆண்டு பொறுக்க வேண்டியிருந்தது.

திறக்காத கதவுகள்

வென்றவர் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. இந்திய வம்சாவளி இளையர் இருவரின் கதையும் இங்கே உண்டு.

கனடாவில் பிறந்த பஞ்சாபி இளையர் சிம் புல்லர். உயரம் 7 அடி 5 அங்குலம். 2014இல் யாரும் தேர்ந்தெடுக்காத நிலையில் சேக்ரமெண்டோ குழுவின் கோடைக்கால அணியில் ஆடினார். பிறகு அதன் இளையர் குழுவில் ஒரு பருவம். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி என்பிஏ ஆட்டத்தில் களமிறங்கினார். இந்திய வம்சாவளியினர் ஒருவர் அந்த மேடையில் ஆடியது அதுவே முதல் முறை. அவர் ஆடிய என்பிஏ ஆட்டங்கள் மொத்தம் மூன்று.

அதே 2015இல் பஞ்சாபின் பல்லோ கே கிராமத்தைச் சேர்ந்த சத்னாம் சிங்கை டல்லாஸ் குழு 52ஆவதாகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்து டிராஃப்டில் தேர்வான முதல் ஆட்டக்காரர் அவர். ஜூலையில் லாஸ் வேகஸ் களத்தில் இறங்கினார். பிறகு இளையர் குழுவில் ஆடினார். என்பிஏ ஆட்டம் ஒன்றில்கூட அவருக்கு வாய்ப்பு வரவில்லை. பின்னாளில் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார்.

இவர்களைக் குழுக்கள் பயன்படுத்திக்கொண்டு தூக்கி எறிந்தனவா? அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சம்பளமின்றி ஆடவைத்து, அரங்கச் சீட்டு விற்று, தொலைக்காட்சியில் ஒளிபரப்பி, கடைசியில் பெரும்பாலோரை வெறுங்கையோடு அனுப்புவது நியாயமா என்று கேட்கிறார்கள். இதை நான் தள்ளிவிட மாட்டேன். பலம் முழுவதும் குழுவின் பக்கம்தான் இருக்கிறது. காயம்பட்டால் முதல் தேர்வாளரைக் குழு தாங்கிக்கொள்ளும். ஒப்பந்தமே இல்லாத இளையருக்கு அந்தக் காயத்தோடு ஓராண்டு வாய்ப்பே போய்விடக்கூடும். பருவம் இல்லாத காலத்து ஆட்டம் என்பதால் உடலுக்கு ஆபத்து இல்லை என்றும் சொல்ல முடியாது. ஓக்லஹோமா சிட்டியின் செட் ஹோம்கிரன் 2022 ஜூலையில் கோடைக்கால லீக்கில் அருமையாக ஆடினார். ஆகஸ்ட் மாதத்தில் சியாட்டிலில் வேறொரு காட்சி ஆட்டத்தில் பாதத்தில் அடிபட்டு, முதல் பருவம் முழுவதையும் இழந்தார். வெம்பன்யாமாவை இரண்டே ஆட்டத்தில் உட்கார வைத்தார்களே, அதன் அருமை இப்போது புரியும். அந்தப் பாதுகாப்பு, கடைசி இருக்கையில் இருப்பவருக்குக் கிடைப்பதில்லை.

ஆனால் மற்றொரு பக்கமும் இருக்கிறது. அந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் என்பிஏ குழுக்காரர்கள் மட்டுமில்லை. ஐரோப்பா, ஆசியா, ஆஸ்திரேலியா என்று பல இடங்களிலிருந்தும் ஆள் தேடி வருகிறார்கள். என்பிஏ கதவு மூடினாலும் வேறொரு நாட்டில் நல்ல சம்பளத்துக்கு ஆடப் போகிறவர்கள் உண்டு. தன்னை எடுக்காத குழுவுக்கு ஆடும்போதே, தன்னை எடுக்கப்போகும் வேறொரு குழுவுக்கும் அவர் ஆடிக்காட்டுகிறார். எனவே, அந்த மேடையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆடுபவர் ஒவ்வொருவருக்கும் நியாயமான ஊதியமும் காயத்துக்குக் காப்பீடும் வேண்டும் என்பதே என் கருத்து.

நான் அடித்துவிட்ட ஒரு பெயர்

முடிக்கும் முன்பு என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பள்ளியின் கூடைப்பந்துக் குழுவுக்குப் பயிற்சியில் உதவிக்கொண்டிருந்தேன். தேர்வு நாளன்று ஒரு மாணவன் எறிந்த பந்து ஒன்றுகூட விழவில்லை. பட்டியலில் அவன் பெயரை அடித்துவிட்டேன். மறுநாள் உடன் இருந்த ஆசிரியர் ஒருவர் சொன்னார், "அந்தப் பையன் ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில் நின்றான் சார், மற்ற பிள்ளைகள் போட்ட புள்ளியில் பாதி அவன் கொடுத்த பந்து." அதற்குள் பட்டியலை ஒட்டியாகிவிட்டது. திருத்தி ஒட்ட எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு தேர்வுக்கு அந்த மாணவன் வரவில்லை.

கோடிக்கணக்கில் பணம் புரளும் குழுக்களே ஒரு 19 வயது இளையரை எடைபோட ஒரு கோடை முழுவதும் எடுத்துக்கொள்கின்றன. பத்து தவறுவரை பொறுக்கின்றன. அப்படியும் தவறிழைக்கின்றன. நானோ ஒரு பிற்பகலில் முடிவு செய்துவிட்டேன்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை தேர்வாட்டத்துக்குப் போய்விட்டு வந்தால் "எத்தனை கோல், எத்தனை புள்ளி" என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "உனக்கு என்ன வேலை கொடுத்தார்கள், அதைச் செய்தாயா" என்றும் கேளுங்கள். இளையர்களே, பந்து உங்கள் கையில் இல்லாத நேரத்தையும் யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எண்ணி ஆடுங்கள். என்னைப்போல் பட்டியல் போடும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பெயரை அடிப்பதற்கு முன்பு இன்னொரு முறை ஆடவிட்டுப் பாருங்கள்.